கொள்வார் முகவர் வாசகம்: விளக்கவுரை

மூலம்

வீடு கொள்வார் வீடு காணுமுன் எழுத்தாற் கொண்ட முகவர், கொள்வார் ஒருவர்க்கே உரியராய், அறிந்தவை எல்லாம் உரைத்து, அறியாதவை ஆய்வித்து, கொள்வார் உள்ளம் விற்பார்க்கு உரையாது, விலை பேசி, பத்திரம் பதிந்த பின்னர்ச் சொன்ன கூலியே கொள்க, பிறிது கொள்ளற்க.

உரை

இஃது என் நுதலிற்றோ எனின், வீடு வாங்குவார் பொருட்டு நின்று வினைசெய்யும் முகவர்க்கு உரிய முறைமை உணர்த்துதல் நுதலிற்று. விற்பார்க்கு முகவர் உண்மை யாவரும் அறிவர். வாங்குவார்க்கும் தமக்கென ஒருவர் உண்டாதல் கூடும் என்பதும், அவர் இன்ன இயல்பினர் என்பதும் நம் நாட்டிற் பலர் அறியாராகலின், அவை கூறவேண்டிற்று.

வாசகத்தின் முடிபு முதற்கண் உணரற்பாலது. 'முகவர்' என்பது எழுவாய். 'கொள்க' என்பது பயனிலை. உரியராய், உரைத்து, ஆய்வித்து, உரையாது, பேசி என இடைப்பட்ட எச்சம் ஐந்தும் 'கொள்க' என்னும் முற்றினைக் கொண்டு முடிந்தன. எச்சம் முற்றினை அவாவி நிற்பது. முற்றும் எச்சத்தின் வினை நிகழ்ந்தன்றி நிகழாது. ஆகலின், கூலி கொள்ளும் உரிமை தனித்து நிற்பதன்று. ஐந்து வினையும் நிகழ்ந்தவழி நிற்பது என்பது சொல்லின் முடிபானே பெற்றாம். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 220 ஆம் பிரிவில், முகவர் தம் வினையுள் எப்பகுதியில் முறைதவறி ஒழுகினாரோ அப்பகுதிக்குக் கூலி பெறார் என்று கூறுவதும் இம்முடிபோடு ஒத்து நிற்றல் காண்க. இதனை மறவாது மேல் வருவன கற்க.

வீடு கொள்வார்

வீடு என்றது தனி மனையில் எழுந்த இல்லத்தையும், அடுக்ககத்துள் ஒரு பகுதியையும், அவை நிற்கும் நிலத்தின் பங்கினையும் அடக்கி நின்றது. கொள்வார் என்பது எதிர்காலம் காட்டும் வினையாலணையும் பெயர். 'கொண்டார்' என இறந்தகாலத்தாற் கூறாமையின், முகவரது கடமை வீடு கைவந்த பின்னர்த் தொடங்குவதன்று, வாங்கக் கருதிய பொழுதே தொடங்குவது என்பது கொள்ளப்படும். வாங்கக் கருதி வாங்காதொழிவாரும் இப்பெயரான் அடங்குவர். பல வீடு பார்த்து எதுவும் பொருந்தாமையின் விட்டொழிந்தாரிடத்தும் முகவர் நம்பிக்கைக்கு உரியராய் நிற்றல் வேண்டும் என்பது கருத்து.

வீடு காணுமுன்

முன் என்பது காலம் உணர்த்திற்று. கண்டபின் உடன்பாடு செய்தால் வரும் குற்றம் யாது எனின், இரண்டு உள. ஒன்று, வீட்டைக் கண்டு விரும்பிய மனம் கூலியைப் பற்றிப் பேச நாணும். 'வீடு அமைந்தாற் போதும், பின்னர்ப் பார்த்துக் கொள்வோம்' என்னும். அங்ஙனம் பின்னர்ப் பார்க்கப்பட்ட கூலி, சார்பதிவாளர் அலுவலகத்தின் வாயிலிற் பூசலாய் முடிதல் உலகறிந்தது. மற்றொன்று, 'யான் முதலிற் காட்டினேன்' என ஒருவரும், 'யான் விலை முடித்தேன்' என மற்றொருவருமாக இருவர் ஒரு வீட்டின்மேற் கூலி கேட்கும் வழக்கு. யாரை நியமித்தோம் என்பது காண்டற்கு முன்னரே துணியப்படின் இவ்வழக்கு எழாது.

அமெரிக்க நாட்டில், வீட்டு முகவர்தம் தேசியச் சங்கம் வழக்கொன்றினைத் தீர்த்துக்கொண்டதன் பயனாக, வாங்குவாரோடு எழுத்தில் உடன்பாடு செய்த பின்னரே அவரை வீடு காண அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்னும் விதி 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. கூலி இவ்வளவு என ஐயமின்றி எழுதல் வேண்டும் எனவும், அது சட்டத்தான் வரையறுக்கப்பட்டதன்று, பேசி முடிக்கத்தக்கது என்பதை வெளிப்படக் காட்டல் வேண்டும் எனவும் அவ்விதி கூறும். ஆண்டு வீடு வாங்கும் நம்மவர் பலர் இதனை அறிந்துளர். நம் நாட்டில் இத்தகைய விதி இன்றாயினும், இவ்வாசகத்தை ஏற்று ஒழுகுவார்க்கு அதன் பயன் தடையின்றிக் கிடைக்கும்.

எழுத்தாற் கொண்ட

எழுத்தால் என்புழி ஆல் உருபு கருவிப்பொருட்டு. வாய்ச்சொல்லானும் முகவரைக் கொள்ளலாம் என்பது சட்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 186, 187 ஆம் பிரிவுகள், முகவர்க்கு அளிக்கும் அதிகாரம் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அமையலாம், பேச்சும் எழுத்தும் ஒழுக்கமும் அதனைக் காட்டும் என்னும். அற்றேல், சட்டம் வேண்டாத எழுத்தினை வாசகம் வேண்டியது மிகையன்றோ எனின், அன்று. சட்டம் கூறியது முகவர் உண்மைக்குப் போதிய அளவு; வாசகம் கூறியது கொள்வார் காவலுக்குப் போதிய அளவு. வாய்ச்சொல்லாற் கொண்டவரை 'இவர் என் முகவர்' என்று நிறுவுதல் கொள்வார்க்கு அரிது. அவர் விற்பார்க்கும் அங்ஙனமே சொல்லியிருத்தல் கூடுமாகலின்.

அவ்வெழுத்தில் இருத்தற்பாலன: எவர்க்கு முகவர், எப்பகுதியில் எவ்வகை வீடு, கூலி எவ்வளவு, எப்பொழுது உரியது, எத்துணைக் காலம் இவ்வுடன்பாடு, எங்ஙனம் முடிக்கலாம் என்பன. காலம் வாசகத்துள் வெளிப்படக் கூறப்படவில்லை. 'காணுமுன்' என்பது தொடக்கமும் 'பதிந்த பின்னர்' என்பது இறுதியும் ஆயினும், வீடே அமையாதவழி உடன்பாடு முடிவின்றி நீளும். ஆகலின் மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒரு வரை இட்டு எழுதுதல் நன்று. வரை இல்லாவிடத்தும், தக்க முன்னறிவிப்புத் தந்து நீக்கலாம் என்பது 206 ஆம் பிரிவாற் கொள்ளப்படும்.

கொண்ட என்னும் பெயரெச்சம் 'முகவர்' என்னும் பெயர் கொண்டு முடிந்தது. கொள்வார் கொண்டவரே முகவர். அம்முகவரால் அனுப்பப்பட்ட பிறர் அல்லர். தாமே செய்வதாக ஏற்ற வினையை முகவர் பிறரிடம் ஒப்படைத்தல் ஆகாது என 190 ஆம் பிரிவு விலக்கிற்று. தொழில் வழக்கு உடன்படுமிடத்தும், வினையின் தன்மை வேண்டுமிடத்தும் மட்டும் விட்டது. நம் ஊர்களில் ஒரு வீட்டிற்கு மூன்று நான்கு புரோக்கர் தொடர்ச்சியாய் நிற்பர். தெருவில் உள்ளார் ஒருவர், கடைவீதியில் உள்ளார் ஒருவர், அவரை அறிந்தார் ஒருவர் என. அத்தொடரில் உள்ளார் எல்லாரும் கொள்வார் முகவர் ஆகார். அவர்க்குக் கொடுப்பது உளதாயின், அதனை முகவர் தம் கூலியுள் நின்று கொடுத்தல் முறை.

முகவர்

பிறர்பொருட்டு ஒரு வினை செய்தற்கோ, மூன்றாமவரோடு பேசும்வழி அவர்க்குப் பதிலாய் நிற்றற்கோ அமர்த்தப்பட்டவர் முகவர். இஃது ஒப்பந்தச் சட்டம் 182 ஆம் பிரிவில் வரையறுத்த பொருள்.

புதிய அடுக்ககம் ஒன்றின் விற்பனைக் கூடத்தில் நின்று வரவேற்று, மாதிரி வீடு காட்டி, வங்கிக் கடனுக்கும் வழி சொல்லும் அலுவலர் பண்பினராயினும் கொள்வார் முகவர் அல்லர், கட்டுநர்க்கு உரியர். இது மயங்காது உணரப்படும்.

ரேரா என வழங்கும் 2016 ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், பதிவு பெற்ற திட்டத்துள் மனையோ வீடோ விற்கவும் வாங்கவும் இடைநிற்கும் முகவர் தாமும் பதிவு பெறல் வேண்டும் என்று 9 ஆம் பிரிவில் விதித்தது. அவர் கணக்குப் பேணல் வேண்டும், பதிவு பெறாத திட்டத்தை விற்றற்குத் துணைபோதல் ஆகாது, வாங்குவார்க்கு உரிய தகவலும் ஆவணமும் அவர் கைவரச் செய்தல் வேண்டும் என 10 ஆம் பிரிவிற் கூறிற்று. பதிவெண் கேட்டு அறிதல் கொள்வார்க்கு எளிது, கேட்க. ஆயின் பதிவு உண்மையானே ஒருவர் கொள்வார் பக்கத்தார் ஆகிவிடார். கட்டுநரிடம் கூலி பெறுவாரும் அதே பதிவு உடையர். பழைய வீடு ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுமிடத்து அச்சட்டம் பெரும்பாலும் எட்டாது. ஆண்டுக் காவல் ஒப்பந்தச் சட்டமும் இவ்வாசகம் போல்வதோர் உடன்பாடுமே.

கொள்வார் ஒருவர்க்கே உரியராய்

வாசகத்தின் உயிர்நிலை இத்தொடர். ஒருவர்க்கே என்புழி ஏகாரம் பிரிநிலை, விற்பாரினின்றும் பிரித்தது. உரியராய் என்பது குறிப்பு வினையெச்சம். செயலைக் கூறாது இயல்பைக் கூறிற்று. ஏனை நான்கும் செயல்களாக, இஃது ஒன்றே இயல்பாய் முதற்கண் நின்றமையின், பின்வரும் செயல் எல்லாவற்றிற்கும் இவ்வியல்பு நிலைக்களன் என்பது உய்த்துணரப்படும். இவ்வியல்பு இல்லாதார் உரைப்பதும் ஆய்விப்பதும் உரையாமையும் கொள்வார்க்குப் பயன்படா.

இருபாலார்க்கும் நடுவாக நின்று இருவரையும் ஒன்றுபடுத்துவாரும் உலகில் உளர். அவர் தரகர் எனப்படுவர். அவர் தொழில் இழிந்ததன்று. அவரால் அமைந்த வீடுகள் எண்ணில. அற்றேல் நடுவுநிலைமை சிறந்ததன்றோ, ஒருபாற் சார்தல் அதனினும் தாழ்ந்ததன்றோ எனின், அது பொருந்தாது. நடுவுநிலைமை தீர்ப்புக் கூறுவார்க்கு அறம். விலை பேசுமிடத்துத் தீர்ப்புக் கூறுவார் இல்லை. விற்பார் மிகுதி வேண்டுவர், கொள்வார் குறைவு வேண்டுவர், இரண்டும் ஒருங்கே ஒருவர் வேண்டுதல் இயலாது. இயலாததனை ஏற்றார் யாதேனும் ஒருபால் தளர்வர். எப்பால் தளர்வர் எனின், கூலி மிகுதியாய் வரும் பாலன்று. அறிவு குறைந்து நிற்கும் பால். வீடு விற்பார் தம் வீட்டின் குறை அறிவர். கொள்வார் அறியார். ஆகலின் தளர்வு பெரிதும் கொள்வார்மேல் விழும்.

தரகராய் நிற்பார் 'யான் இருவர்க்கும் உரியேன், இருவரிடமும் கூலி கொள்வேன்' என்று வெளிப்படச் சொல்லி நிற்பின் குற்றம் இல்லை. கொள்வார் அதனை அறிந்து தம் காவலைத் தாமே தேடிக்கொள்வர். 'யான் உமக்கே வேண்டியவன்' என்று சொல்லிக்கொண்டு இருபாலும் கொள்ளுதலையே வாசகம் ஏகாரத்தான் விலக்கிற்று.

ஒருவர் என்னும் ஒருமைக்கும் பயன் உண்டு. ஒரே வீட்டினை விரும்பும் கொள்வார் இருவர்க்கு ஒருவரே முகவராதலும் இதனான் விலக்கப்பட்டது. வேறு வேறு வீடு நாடுவார் பலர்க்கு முகவராதல் கூடும். ஒரு வீட்டின்கண் இருவர் முரணிய பொழுதே ஒருவரை விட்டு விலகுதல் வேண்டும், விலகியதனை அவ்விருவர்க்கும் உரைத்தலும் வேண்டும்.

இன்னும் ஒன்று. 'முகவர் கொள்வார்க்கே உரியர்' எனக் கூறிற்றன்றி, 'கொள்வார் முகவர்க்கே உரியர்' எனக் கூறிற்றில்லை. ஆகலின் கொள்வார் வேறு வழியான் வீடு தேடுதலும், உறவினர் வாயிலாகக் கேட்டறிந்த வீட்டினைத் தாமே வாங்குதலும் இவ்வாசகத்தான் தடைபடா. அவரையும் கட்டும் வேறு தொடர் உடன்பாட்டில் இருப்பின், ஒப்பமிடுமுன் அதனைக் கூர்ந்து படித்தல் வேண்டும்.

அறிந்தவை எல்லாம் உரைத்து

அறிந்தவை என்பது இறந்தகால வினையாலணையும் பெயர்ப் பன்மை. எல்லாம் என்பது எஞ்சாமைப் பொருட்டு. 'வேண்டியவை' எனவோ 'தக்கவை' எனவோ கூறாது 'எல்லாம்' என்றமையின், எது வேண்டுவது எது வேண்டாதது என்று பிரித்தற்கு உரியவர் கொள்வாரேயன்றி முகவர் அல்லர் என்பது போதரும்.

எல்லாம் உரைத்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது எனின், இதன்கண் சட்டத்தின் நுட்பம் ஒன்று உளது. கற்பார் பலர் காணாது கடப்பது. முகவர் தம் வினையின்போது அறிந்ததும் பெற்ற அறிவிப்பும், மூன்றாமவரை நோக்குமிடத்து, அமர்த்தினாரே அறிந்தது போன்ற பயனைத் தரும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 229 ஆம் பிரிவு கூறும். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் 3 ஆம் பிரிவின் விளக்கத்தில் அதனையே அசையாச் சொத்தின்கண் வைத்துக் கூறும். இதன் பொருள் யாதெனின்: வீட்டின்மேல் விற்பாரின் தம்பிக்குப் பங்குரிமை வழக்கு உண்டு என்று முகவர் பேச்சினிடையே கேட்டறிந்து கொள்வார்க்கு உரையாது விடுவராயின், பின்னர் அத்தம்பி உரிமை கேட்டு வருங்கால், 'யான் அறியேன், அறியாது விலை கொடுத்து வாங்கினேன்' என்று கொள்வார் சொல்லும் மறுப்பு நில்லாது போதல் கூடும். முகவர் அறிந்தார்; ஆகவே கொள்வாரும் அறிந்தார் எனக் கொள்ளப்படுவர். முகவர் செவியிற் புகுந்தது கொள்வார் கணக்கில் எழுதப்படும்; அவர்க்குச் சொல்லப்படாவிடினும் எழுதப்படும்.

முகவரே வஞ்சித்து மறைத்தாராயின் கொள்வார்க்குப் போக்கிடம் இன்றோ எனின், உண்டு, சிறிது. வஞ்சனையில் பங்குடையாரும் அதனை அறிந்தாரும் 'கொள்வார்க்கு அறிவிப்பு உண்டு' என்று வாதிடல் ஆகாது எனச் சொத்து மாற்றச் சட்டம் விலக்குக் கூறிற்று. வஞ்சனையை அறியாத தம்பிக்கு அவ்விலக்குப் பொருந்தாது. ஆகலின் காவல் பின்னர் வழக்காடுதலில் இல்லை. முன்னர் 'எல்லாம் உரைத்து' என்பதில் உளது. முகவரை நம்பிக்கை நோக்கித் தேர்க என்று மூத்தோர் கூறுவது குணத்தை மட்டும் நோக்கியதன்று. தம் அறிவாகவே கருதப்படும் அறிவினை உடையவர் ஒருவரைத் தேர்கின்றோம் என்பதனை நோக்கியது.

இனி, அறிந்தவற்றுள் செலவும் அடங்கும். விலை ஒன்றனையே சொல்லி ஏனையவற்றை விடுதல் 'எல்லாம்' என்பதனொடு மாறுகொள்ளும். தமிழ்நாட்டில் தனி வீட்டின் விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். பத்திர மதிப்பு, அரசு வழிகாட்டி மதிப்பு என்னும் இரண்டனுள் மிக்கதன்மேல் அவை கணக்கிடப்படும். 75 இலட்சத்திற்கு வாங்குவார்க்கு இவ்வகையானே 6,75,000 ரூபாய் வேண்டும். விலை 50 இலட்சமோ அதற்கு மேலோ ஆயின், விற்பார்க்குக் கொடுப்பதனுள் நூற்றுக்கு ஒன்று வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் கடமை கொள்வார்மேலது. பிடிக்கத் தவறின் பொறுப்பு அவரைச் சாரும். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்றுதலையும் வருமான வரிச் சட்டம் தடுக்கும். இவற்றை முன்னரே உரையாத முகவர் அறிந்தவை எல்லாம் உரைத்தார் ஆகார்.

அறியாதவை ஆய்வித்து

ஆய்வித்து என்பது பிறவினை எச்சம். 'ஆய்ந்து' எனத் தன்வினையாற் கூறாமை நோக்குக. முகவர் சட்டப் புலமையும் கட்டடப் புலமையும் தாமே உடையார்போல் நின்று 'பத்திரம் எல்லாம் சரி, பார்த்துவிட்டேன்' என்றல் வாசகத்திற்கு உடன்பாடன்று. வல்லாரைக் கொண்டு ஆய்வித்தலே அவர் கடன். வழக்கறிஞரும் பொறியாளரும் கொள்வாரால் தெரிந்து எடுக்கப்படுதல் வேண்டும். விற்பார்தம் வழக்கறிஞரின் சான்று போதாது.

ஆய்விக்கப்படுவன தாய்ப்பத்திரம், அதன் வழிவந்த பத்திரங்களின் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, கட்டட அனுமதியும் வரைபடமும், சொத்து வரி, மின் கட்டண ரசீதுகள், நில அளவு முதலியன. இவற்றுள் வில்லங்கச் சான்றினை மட்டும் சிறிது விரித்துக் கூறுதும். முப்பது ஆண்டிற்கு வில்லங்கம் போட்டு 'ஏதும் இல்லை' என வந்ததும் மனம் அமைதல் பெருவழக்கு. அச்சான்று பதிவான ஆவணங்களையே காட்டும். உயில் பதிதல் கட்டாயமன்று. பதியாத உயில் அதில் தோன்றாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை தோன்றாது. நிலுவையில் உள்ள வழக்கும் தானே தோன்றாது. ஆகலின் அது தேடலின் தொடக்கமே, முடிவன்று.

தாளில் தோன்றாததனைக் கண்ணாற் காணுதல் வேண்டும். சொத்தினைக் கைப்பற்றி இருப்பவர் ஒருவர்க்கு உளதாகும் உரிமையை வாங்குவார் அறிந்தாராகவே கொள்ளுதல் வேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் மற்றொரு விளக்கம். மாடியில் குடியிருப்பார் யாவர், எத்துணைக் காலம், எவ்வுரிமையால் என்று வினவாது வாங்கினார்க்குப் பின்னர், 'அவர் வாடகைக்கு இருப்பார் என்று எண்ணினேன்' என்பது விடையாகாது. முகவர் கொள்வாரை அழைத்துச் சென்று வீட்டின் அறைகளைக் காட்டுதலோடு அமையாது, அவ்வீட்டில் வாழ்வாரொடு பேசவும் செய்தல் இத்தொடராற் கொள்ளப்படும். மழைக்காலத்தில் ஒருமுறை சென்று காணுதலும் நன்று. தெருவில் நீர் நிற்கும் அளவு எப்பத்திரத்தும் எழுதப்படுவதில்லை.

கொள்வார் உள்ளம் விற்பார்க்கு உரையாது

உரையாது என்பது எதிர்மறை வினையெச்சம். மேல் 'உரைத்து' எனக் கொள்வாரிடத்து உடன்பாட்டாற் கூறிய வினையையே ஈண்டு விற்பாரிடத்து எதிர்மறையாற் கூறிற்று. உள்ளம் என்றது கொள்வார் எத்துணை வரை கொடுக்க இசைவர், வங்கி எத்துணைக் கடன் இசைந்தது, இப்பொழுது இருக்கும் வாடகை வீட்டை எந்நாளில் விடல் வேண்டும், இல்லத்தார் இவ்வீட்டை எத்துணை விரும்பினர் என்பன போல்வனவற்றை. இவற்றுள் ஒன்று விற்பார் செவிக்கு எட்டினும் விலை அவ்விடத்தே நின்றுவிடும். 'அவங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு' என்று முகவர் அன்பால் உரைக்கும் ஒருசொல் பல இலட்சம் பெறும்.

அற்றேல் இது பொய் கூறுதற்கு உடன்பாடோ எனின், அன்று. 'உள்ளம்' என்றதன்றி 'உண்மை' என்றதில்லை. விற்பார்தம் உரிமையின் தன்மையோ அளவோ பற்றி அவர் அறியாததும், அதன் மதிப்பை மிகவும் உயர்த்துவதுமாகிய ஒன்றனைக் கொள்வார் அறிந்திருப்பின், அதனை அவர்க்கு உரைத்தல் வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டம் 55 ஆம் பிரிவிற் கூறிற்று. அக்கடமை ஈண்டு நீங்காது. மறைத்தற்குரியது மனமே, பொருளின் உண்மை அன்று.

விலை பேசி

'முடித்து' என்னாது 'பேசி' என்றமையின், விலையைத் துணிதல் கொள்வார்க்கு உரியது, பேசுதலே முகவர்க்கு உரியது என்க. முகவர் கொள்வார்க்காக ஒப்பமிடுதலும் முன்பணம் தம் கையாற் கொடுத்தலும் இச்சொல்லில் அடங்கா. முன்பணம் விற்பார் வங்கிக் கணக்கிற்கு நேரே செல்லுதல் நன்று.

பத்திரம் பதிந்த பின்னர்

தனியுடன்பாடு இல்லாவிடத்து, வினை முற்றிய பின்னரே முகவர் கூலி உரியதாகும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 219 ஆம் பிரிவு. வினை எப்பொழுது முற்றியது என்பதிலேயே கருத்து வேறுபடும். விற்பாரையும் கொள்வாரையும் ஒன்று சேர்த்ததே வினை என்பர் முகவர். வீடு தம் பெயர்க்கு மாறியதே வினை என்பர் கொள்வார். விற்பனை உடன்படிக்கை எழுதிய அளவிற் கூலியிற் பாதி கேட்பாரும் உளர். உடன்படிக்கை எழுதியது கொண்டு வீட்டின்கண் உரிமை தோன்றாது என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 54 ஆம் பிரிவு. உரிமை பதிவான விற்பனைப் பத்திரத்தானே மாறும். ஆகலின் 'பதிந்த பின்னர்' என வரையறுத்தது, கூலியின் காலத்தை உரிமையின் காலத்தொடு ஒன்றுபடுத்திற்று. உடன்படிக்கைக்கும் பதிவிற்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே சிக்கல் பலவும் வெளிப்படும். அக்காலம் முழுதும் முகவர் உடனிருந்து உழைத்தற்கு இவ்வரையறை ஏதுவாம்.

சொன்ன கூலியே கொள்க

சொன்ன என்பது இறந்தகாலப் பெயரெச்சம். கொள்ளும் காலத்தில் சொல்லப்படுவதன்று, கொள்ளுதற்கு முன் சொல்லப்பட்டது. எப்பொழுது எனின், 'காணுமுன்' என மேற்கூறிய பொழுது. ஏகாரம் மீண்டும் பிரிநிலை. கொள்க என்பது வியங்கோள், ஈண்டு விதித்தற்பொருட்டு. 'கொள்க' என விதித்தமையின், ஐந்து வினையும் முற்றிய முகவர்க்குக் கூலியைக் குறைத்தலும் தாழ்த்தலும் கொள்வார்க்கு ஆகாது என்பதும் உடன் பெறப்பட்டது. வீடு கைவந்த பின்னர் 'என்ன செய்துவிட்டார்' என்று கூறிக் கூலியைப் பாதியாக்குதல் வாசகத்திற்கு மாறு. உழைத்தார்க்கு உரியது உடன் கொடுக்க.

கூலியின் அளவினை வாசகம் கூறிற்றில்லை. வழக்கில் விலையின் நூற்றுக்கு ஒன்று, இரண்டு எனப் பேசுவர். அங்ஙனம் பேசுதலில் உள்ள இடர் நோக்கற்பாலது. விற்பார் 80 இலட்சம் கேட்கும் வீட்டினை முகவர் அரிதின் முயன்று 75 இலட்சத்திற்குக் கொணர்வராயின், கொள்வார்க்கு 5 இலட்சம் மிஞ்சும். நூற்றுக்கு இரண்டு கூலியாயின் முகவர்க்கு 1,60,000 ஆவது 1,50,000 ஆகும். கொள்வார்க்கு நன்று செய்தமையான் முகவர் பத்தாயிரம் இழப்பர். ஒருவர்க்கே உரியராய் நிற்க என்று ஒருபுறம் விதித்து, அங்ஙனம் நிற்பார்க்கு இழப்பு உண்டாகக் கூலி வகுத்தல் முறையன்று. ஆகலின் இன்ன தொகை என வரையறுத்துச் சொல்லுதல் சிறந்தது. விலை குறைந்தவழிச் சிறிது மிகுத்துக் கொடுப்பதாகச் சொல்லுதலும் ஒக்கும்.

பிறிது கொள்ளற்க

கொள்ளற்க என்பது எதிர்மறை வியங்கோள். 'கூலியே' என்னும் ஏகாரத்தானே பிறிது விலக்கப்பட்டிருப்ப, மீண்டும் தனி வாக்கியத்தாற் கூறியது கூறியதுகூறல் ஆகாதோ எனின், ஆகாது. ஏகாரம் கொள்வாரிடத்துப் பெறும் கூலியின் அளவினை வரையறுத்தது. இவ்வாக்கியம் கொள்வார் அல்லாத பிறரிடத்துப் பெறுவதனை விலக்கிற்று. பிறிது என்பது விற்பார் தரும் கமிஷன், கட்டுநர் தரும் பரிசு, வங்கிக் கடன் சேர்ப்பித்தற்கு வரும் தொகை, வழக்கறிஞர் பிரித்துக் கொடுப்பது என எல்லாவற்றையும் தழுவும்.

வாங்கியது தெரியின் செய்வது யாது எனின், கொள்வார் அறியாது முகவர் தம் பொருட்டு வினைசெய்து பெற்ற ஊதியத்தைக் கொள்வார் கேட்டுப் பெறலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 216 ஆம் பிரிவு. அப்பிரிவிற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தந்துளது. ஒருவர் ஒரு வீட்டைத் தமக்கு வாங்கித் தருமாறு முகவரை ஏவினார். முகவர் 'அது கிடையாது' என்று சொல்லித் தாமே அதனை வாங்கிக்கொண்டார். ஏவினவர் அதனை அறிந்த பின்னர், முகவர் கொடுத்த அதே விலைக்கு அவ்வீட்டைத் தமக்கு விற்குமாறு வலிந்து கேட்கலாம் என்பது அது. ஆகலின் 'பிறிது' என்பதனுள் அவ்வீடு தானும் அடங்கும் என்க.

அற்றேல், கொள்வார் உடன்பட்டு விற்பாரிடம் பெறுவதும் குற்றமோ எனின், அறிந்து உடன்பட்டவழிக் குற்றம் இன்று. அத்தொகையினைக் கொள்வார் தரும் கூலியுட் கழித்து, கழித்ததனை எழுத்தாற் குறித்து, இருவரும் ஒப்பமிடுக.